பிரேக் எங்க இருக்குன்னு தெரியும்... பிடிக்கத் தெரியுமா?

டூவீலர் கேள்வி பதில். 27 வருஷமா ஒர்க்‌ஷாப் வச்சிருக்குற நம்ம மெக்கானிக் அண்ணன் வாசகர்களுக்குப் பதில் சொல்றாரு.

கேள்வி: அண்ணே, எனக்கு வண்டி கத்துக்கொடுத்தது எங்க மாமா. "முன் பிரேக்கை மட்டும் தொட்டுடாத, குப்புற அடிச்சு விழுவ"ன்னு சொல்லித்தான் கொடுத்தாரு. நானும் பின் பிரேக்கை வச்சே ஓட்டிக்கிட்டு இருக்கேன். இப்ப ஃப்ரெண்டு ஒருத்தன் முன் பிரேக்தான் முக்கியம்ங்கிறான். யார் சொல்றது சரி?
– காலேஜ் மாணவர், திருச்சி

பதில்: ஃப்ரெண்டு சொல்றதுதான் சரி தம்பி. ஆனா மாமாவைத் திட்டாதீங்க, தமிழ்நாட்டுல பாதி மாமாங்க இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்காங்க, எனக்கு சொன்னது எங்க சித்தப்பா. நம்ம ஊர்ல வண்டி கத்துக்கிறதுன்னா என்ன, ஒரு ஸ்கூல் கிரவுண்டு, பின்னாடி ஒரு சொந்தக்காரர், "கிளட்ச்சை மெதுவா விடு மெதுவா விடு"ன்னு ஒரு கத்தல், வண்டி ஆஃப் ஆகாம நகர்ந்துச்சுன்னா கத்துக்கிட்டாச்சு. அப்புறம் ஆர்டிஓ ஆபீஸ்ல கால் ஊனாம ஒரு எட்டு போட்டா லைசென்ஸ். இதுல அவசரத்துக்கு நிறுத்துறதுக்குன்னு யாராவது ஒரு நாள் ஒதுக்குனாங்களா? ஓட்டக் கத்துக்கிட்டோம், நிறுத்தக் கத்துக்கல. என் ஒர்க்‌ஷாப்புக்கு அடிபட்டு வர்ற வண்டியில பாதிக்கு மேல இந்தக் கதைதான், பின் பிரேக் ஷூ தேஞ்சு காகிதம் மாதிரி இருக்கும், முன்னாடி பேடு கம்பெனியில போட்டது அப்படியே புதுசா இருக்கும்.

விஷயம் சிம்பிள். பஸ்ல நின்னுக்கிட்டுப் போறப்ப டிரைவர் பிரேக் அடிச்சா எல்லாரும் முன்னாடிதானே சாயறோம்? வண்டியும் அப்படித்தான், பிரேக் பிடிச்ச உடனே வெயிட்டுல பெரும்பகுதி முன் சக்கரத்து மேல போய் உக்காந்துடும், பின் சக்கரம் லேசாயிடும். லேசான சக்கரத்தைப் போய் மிதிச்சா அது லாக் ஆகி வாலை ஆட்டுமே தவிர நிக்காது. நிறுத்துற சக்தியில சுமார் 70 சதவீதம் முன்னாடிதான் இருக்கு. நீங்க அதை விட்டுட்டு மிச்சம் 30-ஐ வச்சு இத்தனை நாள் ஓட்டியிருக்கீங்க, ஏதோ உங்க குலசாமி நல்ல சாமி.

மாமா சொன்னதுலயும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடணும். முன் பிரேக்கை டபக்குன்னு பிடிச்சா விழத்தான் செய்வீங்க. வண்டி சாஞ்சு வளையும்போது, ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது, மணல் மேல, இங்கெல்லாம் அதைத் தொடாம இருக்குறதுதான் நல்லது, வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுக்கணும். நேரா போறப்ப எலுமிச்சம்பழம் பிழியிற மாதிரி பிடிங்க, முதல்ல லேசா ஒரு அழுத்து, வெயிட்டு முன்னாடி வந்ததும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கூடவே பின் பிரேக்கும். கிளட்ச்சை முதல்லயே பிடிச்சு வண்டியை உருள விடுறது நம்ம ஊர் கெட்ட பழக்கம், எஞ்சினும் சேர்ந்துதான் வண்டியைப் பிடிச்சு இழுக்குது, அதை ஏன் கழட்டி விடுறீங்க, நிக்கப்போற நேரத்துல பிடிச்சா போதும்.

ஞாயித்துக்கிழமை காலையில காலியா ஒரு இடம் பாருங்க. 20-ல போய் நிறுத்துங்க, அப்புறம் 30, அப்புறம் 40. எங்க நின்னீங்கன்னு செங்கல் வச்சு அடையாளம் போடுங்க. காஞ்ச ரோட்டுல நல்ல பிரேக் இருந்தாலே, கண்ணு பார்த்து கை பிடிக்கிறதுக்கு ஒரு செகண்டையும் சேர்த்துக்கிட்டா, 40-ல போனா நிக்க சுமார் 20 மீட்டர் ஆகும், 60-ல போனா 37 மீட்டர் கிட்ட, 80-ல போனா 58 மீட்டர் கிட்ட. 40-லேர்ந்து 80, வேகம் டபுள், தூரம் கிட்டத்தட்ட மூணு மடங்கு. இதை நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, செங்கல் சொன்னா நம்புவாங்க.

2019 ஏப்ரல்லேர்ந்து வித்த வண்டியா இருந்தா 125 சிசிக்கு மேல ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாம பார்த்துக்கிற சமாச்சாரம், கட்டாயம் இருக்கும், 125-ம் அதுக்குக் கீழயும் பெரும்பாலும் சிபிஎஸ், அதாவது ஒரு பிரேக்கைப் பிடிச்சா ரெண்டு சக்கரத்துலயும் கொஞ்சம் பிடிக்கும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது லிவர் கையில படபடன்னு துடிக்கும். பலபேர் பயந்து அந்த நேரத்துல கையை விட்டுடறாங்க. விடாதீங்க. அந்தத் துடிப்பு எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கவாவது கிரவுண்டுக்குப் போங்க.

கேள்வி: அண்ணா, என் வீட்டுக்காரர் ஹெல்மெட் போட்டுத்தான் ஓட்டுவார். நான் பின்னாடி உக்காருவேன், ரெண்டரை வயசு பாப்பா முன்னாடி நிப்பா. எனக்கும் பாப்பாவுக்கும் ஹெல்மெட் வேணுமா? கொண்டை, பூவெல்லாம் வச்சுக்கிட்டு போட முடியல, நாங்க போறதும் பக்கத்துல மார்க்கெட்டுக்குத்தான்.
– இல்லத்தரசி, மதுரை

பதில்: தங்கச்சி, ஒரு கணக்கு சொல்றேன், பயமுறுத்துறதுக்கு இல்ல. 2022-ல இந்தியா முழுக்க ரோட்டு விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல டூவீலர்ல போனவங்க மட்டும் 74,897. ஹெல்மெட் இல்லாம இறந்தவங்க 50,029, அந்த 50 ஆயிரத்துல 14,337 பேர் வண்டி ஓட்டுனவங்களே இல்ல, உங்கள மாதிரி பின்னாடி உக்காந்து போனவங்க. மத்திய அரசோட ரிப்போர்ட்ல இருக்குற நம்பர் இது. பின்னாடி உக்காந்தவங்களுக்குப் பிடிச்சுக்க ஹேண்டில்பாரும் இல்ல, முன்னாடி என்ன வருதுன்னும் தெரியாது, அதனால தயாராகாமலே விழுறாங்க.

மதுரைக்காரங்ககிட்ட பூவை விடுங்கன்னு நான் சொல்லிட்டு உயிரோட திரும்ப முடியாது. கொண்டையை இறக்கிக் கழுத்துக்கிட்ட போட்டா ஹெல்மெட் உக்காரும், மல்லியை இறங்குன அப்புறம் வச்சுக்கலாம், வாடாமலும் இருக்கும்.

கடையில வாங்குறப்ப விலையைப் பார்க்குறதுக்கு முன்னாடி ஐஎஸ்ஐ முத்திரையும் 4151-ங்கிற நம்பரும் இருக்கான்னு பாருங்க. 2021 ஜூன் 1-லேர்ந்து அது இல்லாத ஹெல்மெட்டை விக்கவே கூடாது, ஆனா ரோட்டோரம் துணி விரிச்சு 200 ரூபாய்க்கு வித்துக்கிட்டுத்தான் இருக்காங்க, அது ஹெல்மெட் இல்ல, போலீசுக்குக் காட்டுற சட்டி. உயிரைக் காப்பாத்துறது வெளி ஓடு இல்ல, உள்ள இருக்குற தெர்மோகோல் மாதிரி சமாச்சாரம், அது நசுங்கி அடியை வாங்கிக்குது. ஒருதடவை நல்லா நசுங்கினது அடுத்த தடவைக்கு உதவாது, அதனால ஒரு ஆக்சிடென்ட் பார்த்த ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுடணும், பெயின்ட் நல்லாத்தான் இருக்குன்னு தம்பிக்குக் கொடுக்கக்கூடாது. போட்டுப் பார்த்து, வாரை மாட்டிட்டு, பின்பக்கம் பிடிச்சு முன்னாடி உருட்டிப் பாருங்க, கழண்டு வந்துச்சுன்னா அந்த சைஸ் வேண்டாம். வாரை மாட்டாம போடுறதும் போடாததும் ஒண்ணுதான், முதல் குட்டிக்கரணத்துலயே அது தனியா உருண்டு போயிடும்.

பாப்பா விஷயத்துக்கு வர்றேன். 9 மாசத்துலேர்ந்து 4 வயசு வரைக்கும் குழந்தைக்கு அளவான ஹெல்மெட், ஓட்டுறவரோட சேர்த்துக் கட்டுற பெல்ட், வேகம் 40-க்கு மேல போகக்கூடாது. 2023 பிப்ரவரி 15-லேர்ந்து இதுதான் சட்டம். ஆனா எனக்கு சட்டத்தைவிட பெரிய பயம் வேற ஒண்ணு. ஸ்கூட்டரை ஆஃப் பண்ணாம மளிகைக் கடை வாசல்ல நிறுத்தி, ஒரு கால ஊனிக்கிட்டே பால் பாக்கெட் வாங்குவாங்க, முன்னாடி நிக்கிற குழந்தை ஆக்சிலேட்டரைப் பிடிச்சுத் திருகும். கியர் இல்லாத வண்டி, கிளம்பிடும். இப்படி ஷட்டர்ல போய் முட்டுன மூணு ஸ்கூட்டரை நானே சரி பண்ணியிருக்கேன். ரெண்டு நிமிஷம்னாலும் சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணச் சொல்லுங்க உங்க வீட்டுக்காரரை. பாப்பாவை முன்னாடி நிக்க வைக்கிறதையும் விட்டுடுங்க.

கேள்வி: புது வண்டி வாங்கி ஒரு மாசம் ஆச்சு. எதிர்ல வர்றவங்க எல்லாம் விரலை விரிச்சு மூடி மூடிக் காட்டுறாங்க, பகல்ல லைட் எரியுதாம். ஆஃப் பண்ண சுவிட்சே இல்லையே?
– வாசகர், நாமக்கல்

பதில்: இல்லதான். 2017 ஏப்ரல்லேர்ந்து வர்ற டூவீலர்ல எஞ்சின் ஓடுனா லைட் தானா எரியும், எதிர்ல வர்றவன் கண்ணுல நீங்க படணும்ங்கிறதுக்காக. ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிட்டே இருங்க. ஆனா இந்தக் கை காட்டுற பழக்கத்தை நான் கிண்டல் பண்ண மாட்டேன், முன்ன பின்ன தெரியாதவன் "அண்ணே ஸ்டாண்டு"ன்னும் "அக்கா சேலை"ன்னும் கத்திக் காப்பாத்துற ஊர் இது.

கேள்வி: ரெண்டு மாசம் முன்னாடி என் துப்பட்டா சக்கரத்துல சிக்கி நூலிழையில தப்பிச்சேன். வண்டி வாங்கும்போது சேலை கார்டு அசிங்கமா இருக்குன்னு அண்ணன் கழட்டிட்டான்.
– ஆசிரியை, கும்பகோணம்

பதில்: 

அண்ணன்கிட்ட அந்த கார்டைத் திரும்ப மாட்டச் சொல்லுங்க, வண்டியைத் தயாரிக்கும்போதே அது இருக்கணும்னு 1989 விதியிலயே இருக்கு, பின்னாடி உக்கார்றவங்களுக்குக் கைப்பிடியும் கால் வைக்கிற இடமும் அதே விதியிலதான் இருக்கு. துணி செயின்லயோ சக்கரத்துலயோ சிக்குனா ஒரே சுத்துல இழுத்துடும், துப்பட்டான்னா கழுத்து. அதனால துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்புல முடிச்சு போடுங்க, முடிச்சு முன்பக்கம். சேலைன்னா முந்தானையை முன்னாடி இழுத்து செருகிட்டு அது மேல உக்காந்துடணும். புர்க்கா, மழைக்கோட்டு, குழந்தையைச் சுத்துன டவல், எல்லாத்துக்கும் இதே கதைதான். ஒரு பக்கமா கால் போட்டு உக்கார்றதைப் பத்தி நான் சொன்னா வீட்டுல பெரியவங்க கோவிச்சுக்குவாங்க, இருந்தாலும் சொல்லிடறேன், ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்தாதான் வண்டி நேரா நிக்கும், பிரேக் அடிக்கும்போது சறுக்கி விழ மாட்டீங்க.

கேள்வி: திருவொற்றியூர்லேர்ந்து மணலிக்கு தினமும் வேலைக்குப் போறேன். ரோடு பூரா கன்டெய்னர் லாரி. சந்துல புகுந்து போகலன்னா டியூட்டிக்கு லேட்டாயிடும். எப்படிப் போனா சேஃப்டி?
– ஃபேக்டரி ஊழியர், சென்னை

பதில்: லேட்டாகிறதுக்கு சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்குறது சேஃப்டி. சும்மா சொல்லல, கன்டெய்னர் ரோட்டுல அதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனாலும் போய்த்தான் ஆகணும், அதனால கேளுங்க.

லாரிக்காரங்க இடது பக்கத்துக்கு கிளீனர் சைடுன்னு பேரு வச்சிருக்காங்க. ஒருகாலத்துல அங்க ஒரு கிளீனர் பையன் தலையை வெளிய நீட்டி "ஆங்... வரலாம் வரலாம்"னு கத்துவான். இப்ப நிறைய வண்டியில கிளீனரே இல்ல, டிரைவர் தனியாளு. அந்தப் பக்கம் அவருக்கு ஒரு கண்ணாடிதான் கண்ணு, அதுலயும் முன் சக்கரத்துக்குப் பக்கத்துல இருக்குற இடம் தெரியவே தெரியாது. நீங்க லெஃப்ட்ல புகுந்து போகும்போது சரியா அந்த இடத்துலதான் இருக்கீங்க. அவர் கண்ணாடியில அவர் மூஞ்சி உங்களுக்குத் தெரியலன்னா அவருக்கும் நீங்க இல்லாத ஆளுதான்.

இன்னொண்ணு, நீளமான வண்டி லெஃப்ட்ல திரும்பும்போது முதல்ல ரைட்ல கொஞ்சம் விலகும், அடடா வழி விடுறார்னு நினைச்சு நாம லெஃப்ட்ல புகுந்துடுவோம். அவர் வழி விடல, திரும்புறார். முன் சக்கரம் வெளிய சுத்தும், பின் சக்கரம் உள்ள வெட்டிக்கிட்டு வரும், நடுவுல மாட்டுனவன் கதி என்னன்னு எழுத எனக்குப் பிடிக்கல. இன்டிகேட்டர் போடாட்டியும் முன் சக்கரத்தைப் பாருங்க, சக்கரம் எந்தப் பக்கம் திரும்புதோ அதுதான் உண்மை.

முந்தணும்னா ரைட்ல, நல்லா இடம் இருக்குறப்ப, ஹாரன் கொடுத்துட்டு சட்டுன்னு முடிச்சுடுங்க, பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு போகாதீங்க. பின்னாடி போறப்ப லாரியோட நடு வால்ல போகாதீங்க, அவர் பள்ளத்தை ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல விட்டுட்டுப் போவார், அது நேரா உங்க முன் சக்கரத்துக்கு வரும். சிக்னல்ல அவர் மூக்குக்கு முன்னாடி ஒட்டி நிக்கிறதும் அதே ஆபத்துதான், உயரத்துல உக்காந்திருக்கிறவருக்கு உங்க ஹெல்மெட் உச்சிகூடத் தெரியாது. பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பிப் பாருங்க, முதல் மூணு நாள்தான் கஷ்டம்.

கேள்வி: என் பையனுக்கு 16 வயசு. பைக் கேட்டு சாப்பிடாம அடம் பிடிக்கிறான். தெருவுக்குள்ள மட்டும் ஓட்டட்டும்னு கொடுக்கலாமா?
– அப்பா, சேலம்

பதில்: பசிச்சா சாப்பிடுவான். 18 வயசு ஆகாம ஓட்டி மாட்டுனா சட்டம் உங்களைத்தான் பிடிக்கும், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் ஒரு வருஷத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. 16-ல கிடைக்கிற லைசென்ஸ் 50 சிசிக்குள்ள கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். அப்படியும் மனசு கேட்கலன்னா 25 கிலோமீட்டருக்கு மேல போகாத, 250 வாட்டுக்குக் கீழ இருக்குற எலக்ட்ரிக் வண்டி இருக்கு, லைசென்ஸ் வேண்டாம். அதுக்கும் ஹெல்மெட் போடச் சொல்லுங்க. இல்ல, நல்ல சைக்கிள்.

கேள்வி: பொங்கலுக்கு சென்னையிலேர்ந்து கள்ளக்குறிச்சிக்கு ராத்திரி பைக்ல போகலாம்னு இருக்கோம், பஸ்ல டிக்கெட் இல்ல. நீங்க எப்பவாவது கீழ விழுந்திருக்கீங்களா அண்ணே?
– ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்

பதில்: கேள்வியிலயே எதையோ எதிர்பார்க்குறீங்க. விழுந்திருக்கேன். பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமத்து ரோடு, சாயங்காலம் ஆறரை மணி, ரோட்டுல கதிரைப் பரப்பி வச்சிருந்தாங்க, வண்டி ஏறி ஏறி மிதிச்சா தானியம் உதிரும்னு. நான் பார்த்தேன், பார்த்துட்டு பின் பிரேக்கை மிதிச்சேன், ஊருக்கெல்லாம் முன் பிரேக்கைப் பத்தி உபதேசம் பண்றவன்தான், ஆனா சித்தப்பா சொன்னது கால்லயே இருக்கு பாருங்க. அந்தக் கதிர்த் தாள் மேல சக்கரம் எண்ணெயில போன மாதிரி போயிடுச்சு. காரை எலும்பு போச்சு, ஒன்றரை மாசம் தூளி கட்டி உக்காந்திருந்தேன். தாள் மேல பிரேக்கே பிடிக்கக் கூடாது, அதுக்கு முன்னாடியே வேகத்தைக் கொன்னுட்டு, நேரா, மெதுவா உருட்டிக்கிட்டுப் போகணும்.

உங்க ரூட்டுக்கு வர்றேன். விழுப்புரம் தாண்டி கள்ளக்குறிச்சி வரைக்கும் கரும்பு சீசன்ல டிராக்டர் டிரெய்லர் ராத்திரியில ஆலைக்குப் போகும், பின்னாடி லைட்டும் இருக்காது, ரிஃப்ளெக்டரைக் கரும்பு மூடியிருக்கும், கரும்பு வெளிய நீட்டிக்கிட்டு வேற இருக்கும். டிம்முல உங்க லைட் 40 மீட்டர் தெளிவா காட்டுனா பெரிய விஷயம். 80-ல போனா நிக்க 58 மீட்டர் வேணும்னு மேல சொன்னேன்ல, அப்ப நீங்க டிராக்டரைப் பார்க்கும்போதே லேட்டாயிடுச்சு. லைட் காட்டுற தூரத்துக்குள்ள நிக்க முடியுற வேகம்தான் ராத்திரி வேகம், ஹைவேன்னாலும்.

ரிப்பேராகி நின்ன லாரிக்குப் பின்னாடி கிளையை ஒடிச்சுப் போட்டு பெரிய பெரிய கல்லை வரிசையா வைப்பாங்க. காலையில லாரி போயிடும், கல்லு அங்கேயே இருக்கும். இலை தழை ரோட்டுல கிடந்தா உடனே வேகத்தைக் குறைங்க. தை மாசம் வேற, பழனிக்கு நடந்து போறவங்க ரோட்டோரம் கூட்டம் கூட்டமா வருவாங்க. எதிர்ல ஹை பீம் அடிச்சா அவன் லைட்டைப் பார்த்து முறைக்காதீங்க, உங்க இடது பக்கம் வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்க, நீங்களும் பதிலுக்கு ஹை பீம் போட்டா ரெண்டு குருடன் நேருக்கு நேர் வர்றீங்க அவ்வளவுதான். கறுப்பு வைசரைக் கழட்டிட்டு வெள்ளை மாட்டுங்க. தூக்கம் வந்தா டீ குடிச்சு சமாளிக்கிற வேலை வேண்டாம், பெட்ரோல் பங்க்ல ஓரமா படுத்துடுங்க. உண்மையைச் சொன்னா விடியக்காலை நாலரைக்குக் கிளம்புங்க, விழுப்புரம் தாண்டுறதுக்கு முன்னாடியே வெளிச்சம் வந்துடும், காலை டிபனுக்கு ஊர்ல இருக்கலாம்.

கேள்வி: ரோட்டுல யாராவது அடிபட்டுக் கிடந்தா உதவி பண்ண ஆசை. ஆனா போலீஸ், கோர்ட்டுன்னு அலைய விட்டுடுவாங்கன்னு வீட்டுல பயப்படுறாங்க.
– கடைக்காரர், திருநெல்வேலி

பதில்: அந்தப் பயம் பழசு அண்ணாச்சி. 2016-ல சுப்ரீம் கோர்ட்டு, அப்புறம் 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துலயே 134ஏன்னு ஒரு பிரிவு. உதவி பண்றவர் மேல கேஸ் கிடையாது, பேர் சொல்லணும்னு கட்டாயம் கிடையாது. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் காசு கேட்க மாட்டாங்க, திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியா இருந்தாலும், எந்த மாநிலத்துக்காரரா இருந்தாலும்.

நீங்க பண்ண வேண்டியது, முதல்ல பின்னாடி வர்ற வண்டி ஏறிடாம ரெண்டு பேரை நிறுத்துங்க, அப்புறம் 108. ரத்தம் வந்தா சுத்தமான துணியை வச்சு அழுத்திப் பிடிச்சுக்கணும், எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. கூட்டத்துல கண்டிப்பா ஒருத்தர் சோடா பாட்டிலோட வருவார், நல்ல மனசுதான், ஆனா அரை மயக்கத்துல இருக்கிறவர் வாயில ஊத்துனா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும், வாங்கி நீங்களே குடிச்சுடுங்க. மூச்சு விட்டுக்கிட்டு இருந்தா ஹெல்மெட்டை வெடுக்குன்னு கழட்டாதீங்க, கழுத்துல அடியிருந்தா மோசமாயிடும், மூச்சுக்கே சிரமம்னா மட்டும் ஒருத்தர் கழுத்தை அசையாம பிடிச்சுக்க இன்னொருத்தர் மெதுவா எடுக்கணும். ஆட்டோவுல மடக்கி உக்கார வச்சுக் கொண்டு போறதும் வேண்டாம்.

கேள்வி: நாளைக்கு புது பைக் டெலிவரி. கோயில்ல பூஜை போட்டு எலுமிச்சம்பழம் ஏத்தப் போறோம். வேற எதுவும் செய்யணுமா?
– புது ஓனர், ஈரோடு

பதில்: வாழ்த்துகள். வண்டியோட ஐஎஸ்ஐ ஹெல்மெட் ஒண்ணு கொடுக்கணும்னு விதியிலயே இருக்கு, ஷோரூம்ல கேட்டு வாங்குங்க, பில்லுல அதுக்குத் தனியா காசு போட்டிருந்தா ஏன்னு கேளுங்க. கண்ணாடி ரெண்டையும் கழட்டி சீட்டுக்கு அடியில வச்சுடாதீங்க. புது டயர் மேல வழவழப்பு இருக்கும், முதல் 150 கிலோமீட்டருக்கு வளைவுல சாய்க்காதீங்க, அவசரமா பிரேக்கும் வேண்டாம். அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, திருச்சித் தம்பிக்குச் சொன்னேன்ல, செங்கல்லைத் தூக்கிக்கிட்டு கிரவுண்டுக்குப் போயிடுங்க. கோயில்ல பழத்தை நசுக்கின உடனே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கிட்டே வேகமா எடுக்காதீங்க, சாறு பட்ட டயர் அந்த வழவழ கிரானைட் தரையில வழுக்கும், டெலிவரி எடுத்து அரை மணி நேரத்துல என்கிட்ட வந்த வண்டி ஒண்ணு அப்படித்தான் வந்துச்சு, மாலையோட.